ட்ரையரை மேடையில் ஏற்றிய கதை: நான்கு வருட அனுபவம்

கிருஷ்ணகிரியில் துணி காயவைக்க மெஷினா என்று சிரிக்காத சொந்தக்காரர் இல்லை. சித்திரை வெயிலில் மாடியில் போட்ட துணி அப்பளமாகிவிடும் ஊர்தான். ஆனால் ஐப்பசி அடைமழையில் வீட்டுக்காரரின் ஷிப்ட் யூனிஃபார்மும் கைக்குழந்தைத் துணியும் மூன்று நாள் ஈரத்தோடு தொங்கினால் யாருக்கும் சிரிப்பு வராது. 2021-இல் வாங்கினோம். ஈரக் காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வகை, 2000 வாட்.

முதல் வருடம் நன்றாகச் சொதப்பினோம். மெஷினைத் தரையில் வைத்து, பிளாஸ்டிக் சுருள் குழாயை மூன்று இடத்தில் வளைத்து ஜன்னல்வரை ஏற்றினோம். ஒரு மணி நேரத்தில் காய வேண்டிய துணிக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. ஜன்னலை ஒட்டிக் கரும்பூசணம். மெஷின்தான் பழுது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால், அவர் குழாயைக் கழற்றிவிட்டு ஓட்டிக் காட்டினார். துணி காய்ந்துவிட்டது! குழாயின் தொய்வில் தண்ணீரும் துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சும் களியாகத் தேங்கியிருந்தன. சூட்டில் பஞ்சு பற்றிக்கொண்டால் பிளாஸ்டிக் குழாயும் சேர்ந்து எரியும் என்று அவர் சொன்னதும் வயிற்றைக் கலக்கியது.

பின்சுவரில் நேராக ஓட்டை போடலாம் என்றால், வெளியே அதே மட்டத்தில் துவைக்கிற கல் மேடை. மெஷினை ஒன்றரை அடி தூக்கினால் ஓட்டை அதற்கு மேலே போய்விடும். மூட்டுவலிக்கார அத்தையும் குனிய வேண்டாம். சாலிட் பிளாக் கட்டி, மேலே கிரானைட் பலகை போட்டோம். துண்டுக் கல்லுக்கு நம்ம ஊரில் பஞ்சமா என்ன? பளபளப்புப் பக்கம் மேலே இருந்ததால் மெஷின் மெல்ல நகர ஆரம்பித்தது. பலகையைத் திருப்பிப் போட்டு, காலுக்கடியில் ரப்பர் மேட் வைத்த பிறகுதான் நின்றது.

சுவரை வட்டமாகத் துளைக்கும் கோர் கட்டிங்கில் 4 அங்குல ஓட்டை, மழைநீர் உள்ளே வராதபடி வெளிப்பக்கம் லேசான சாய்வு. அலுமினியக் குழாய், இணைப்பில் அலுமினிய டேப் மட்டும். ஸ்க்ரூ வேண்டாம், உள்ளே நீட்டும் முனையில் பஞ்சு சிக்கும். கொத்தனார் நல்லெண்ணத்தில் குழாய் வாயில் கொசுவலை கட்டிவிட்டுப் போனார். பத்தே நாளில் அது மெத்தையாக அடைத்துக்கொண்டது. அதைப் பிய்த்துவிட்டு, காற்று தள்ளும்போது திறந்து, காற்று நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் மூடி போட்டோம். அணிலும் நுழைவதில்லை.

இப்போது ஜீன்ஸ் தவிர எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் காய்கிறது. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 2 யூனிட். மழைக்காலத்தில் பில் கொஞ்சம் கடிக்கும்.

எதிர்பாராத தொல்லை ஒன்று. அறைக்கதவைச் சாத்தி ஓட்டினால் சாக்கடை நாற்றம் வந்தது. மெஷின் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக, கழிவுநீர் போகும் தரைக்குழியில் தண்ணீர் வற்றியிருந்ததால் அதன் வழியே காற்றை இழுத்திருக்கிறது. இப்போது கதவைத் திறந்து வைக்கிறோம், குழியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

மெஷினில் பஞ்சு பிடிக்கும் ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் வழித்துவிடுவது அத்தையின் வேலை. தை பிறந்ததும் மெஷினுக்கு ஓய்வு; குழாயைக் கழற்றி பிரஷ் போடுவோம். போன தையில் ஒரு பிடி பஞ்சுதான் வந்தது.