இரு மாறிகளின் உறவை ஆராயவும் எழுதவும் கற்பிக்க எந்த வழி? ஓர் ஒப்பீட்டு அலசல்

ஒரு மாறி (நீளம், நேரம் போல மாறக்கூடிய ஓர் அளவு) மாறும்போது இன்னொன்று எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்து எழுதச் சொன்னால், பல மாணவர்களின் அறிக்கை இப்படித்தான் முடிகிறது: "ஒட்டுறவுக் கெழு 0.99. எனவே இரண்டுக்கும் வலுவான நேர்மறை உறவு உள்ளது." இரண்டும் எவ்வளவு நெருக்கமாக நேர்கோட்டில் சேர்ந்து மாறுகின்றன என்பதை −1 முதல் 1 வரை சொல்லும் எண்தான் கெழு. கணக்கு சரி, வாக்கியமும் சரி. ஆனால் எதை அளந்தார்கள், யார் அளந்தது, ஒன்று இவ்வளவு கூடினால் மற்றது எவ்வளவு கூடும் என்ற எதுவுமே அதில் இல்லை. அந்த வாக்கியத்தை எந்தத் தரவுக்குக் கீழே வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம்.

இதற்கு மாணவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பாடத்தை எங்கே தொடங்குவது, எந்தத் தரவைக் கொடுப்பது, எழுத எப்படிப் பழக்குவது என்பதெல்லாம் ஆசிரியரின் தேர்வுகள். ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டு பக்கமும் நல்ல ஆசிரியர்கள் நிற்கிறார்கள். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர் எந்த வாக்கியத்தை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதை, தரவு எப்படிக் கிடைத்தது என்பதே முடிவு செய்கிறது. இந்த இணைப்பு மாணவருக்குப் புரியாமல் போகிற வழி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் எனக்கு ஏற்பில்லை.

கெழு முதலா, படம் முதலா?

கெழுவில் தொடங்கும் வழிக்குச் செல்வாக்கு அதிகம். சூத்திரத்தைப் பலகையில் எழுதி, ஐந்தாறு ஜோடி எண்களுக்கு அட்டவணை போட்டு, சராசரியிலிருந்து விலகல்களைக் கண்டுபிடித்து, பெருக்கி, கூட்டி, வகுத்து விடை காண்பது. தேர்வுக்கு வசதி, திருத்துவதும் சுலபம். படத்தில் தொடங்கச் சொல்பவர்கள் மறந்துவிடும் ஒரு நன்மையும் இதில் உண்டு. இரண்டு விலகல்களும் ஒரே குறியில் இருந்தால் பெருக்கற்பலன் நேர்மறையாகிறது, எதிரெதிர்க் குறிகளில் இருந்தால் எதிர்மறையாகிறது, கூட்டுத்தொகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுவே உறவின் திசை. ஒரு முறையாவது கையால் பெருக்கிப் பார்த்தவருக்கு இது மறக்காது.

ஆனால் தொடக்கமாக அது போதாது. 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கம் என்ற புள்ளியியலாளர் நான்கு சிறு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சராசரிகள் ஏறத்தாழ ஒன்றே, கெழு சுமார் 0.816, போக்குக்கோட்டின் (புள்ளிகளுக்கு மிக நெருக்கமாகச் செல்லும் நேர்கோட்டின்) சரிவு 0.5. படம் வரைந்தால்தான் வேறுபாடு தெரியும். ஒன்று சாதாரணச் சிதறல், இன்னொன்று தெளிவான வளைகோடு. மூன்றாவதில் எல்லாம் நேர்கோட்டில் இருக்க ஒரு புள்ளி மட்டும் விலகி நிற்கும். நான்காவதில் தொலைவில் கிடக்கும் ஒற்றைப் புள்ளிதான் உறவு இருப்பதுபோல் காட்டும். நான்குக்கும் ஒரே அறிக்கை எழுதும் மாணவர் நான்கில் மூன்றைத் தவறாகச் சொல்லியிருப்பார்.

படத்தில் தொடங்கும் வழியில் மாணவர், ஒவ்வொரு ஜோடி அளவையும் ஒரு புள்ளியாகக் காட்டும் சிதறல் படத்தைப் பார்த்து, எந்த எண்ணும் தெரியாத நிலையிலேயே மூன்று நான்கு வரி எழுத வேண்டும். மேலே ஏறுகிறதா, இறங்குகிறதா? நேராகவா, வளைந்தா? எங்கே நெருக்கம், எங்கே அகலம்? தனியாக நிற்பது எது? அதன் பிறகு கெழு வரட்டும். கண் பார்த்ததை எண் உறுதிப்படுத்துகிறதா, மறுக்கிறதா என்று அப்போதுதான் கேட்க முடியும். இந்த வழியின் குறை, மெதுவாக நகரும் என்பதுதான். கூடவே, அச்சின் அளவை நீட்டிக் குறுக்கினால் அதே தரவு செங்குத்தாகவோ தட்டையாகவோ தெரியும் என்பதால் கண்ணையும் முழுதாக நம்ப முடியாது. அதனால்தான் எண் இரண்டாவதாக வந்தே ஆக வேண்டும். எனக்குப் படம் முதல், கெழு பின்னே. இதில் சந்தேகமே இல்லை.

தாமே அளந்த தரவா, ஆயத்தத் தரவா?

விவாதம் அதிகம் நடக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் பல வகுப்புகளில் பாடநூலில் இருக்கும் அட்டவணையை எடுத்துக்கொள்வதோடு இது முடிந்துவிடுகிறது.

தாமே அளப்பதற்கு ஊசலைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஒரு நூல், ஒரு எடை, ஒரு அளவுகோல், ஒரு கடிகாரம் போதும். நூலின் நீளம் ஒரு மாறி, ஒரு அலைவுக்கான (ஒரு முறை போய்த் திரும்புவதற்கான) நேரம் இன்னொரு மாறி. 20, 40, 60, 80, 100 சென்டிமீட்டர் நீளங்களில், சிறிய வீச்சில் ஆடவிட்டால், நேரம் முறையே சுமார் 0.90, 1.27, 1.55, 1.79, 2.01 வினாடி வரும். ஒரே அலைவுக்கு நேரம் பார்த்தால் கை தாமதித்துவிடும் என்று மாணவர்களே கண்டுபிடித்து, பத்து அலைவுகளுக்குப் பார்த்துப் பத்தால் வகுப்பார்கள். அளவீட்டுப் பிழை என்றால் என்ன என்று தனியாகப் பாடம் எடுக்கத் தேவை இருக்காது.

இந்த ஐந்து புள்ளிகளுக்குக் கெழு கணக்கிட்டால் 0.99-க்கு மேல் வரும். அப்படியே விட்டால் "வலுவான நேரிய உறவு" என்று எழுதி முடித்துவிடுவார்கள். சரி, போக்குக்கோட்டைப் பொருத்திப் பாருங்கள் என்று சொல்லுங்கள். அதன் சரிவு மீட்டருக்கு 1.37 வினாடி, வெட்டுத்துண்டு சுமார் 0.68 வினாடி. அதாவது நூலே இல்லாத ஊசல் ஒரு முறை ஆட 0.68 வினாடி ஆகும் என்கிறது கோடு! 4 மீட்டர் நூலுக்கு அது சுமார் 6.2 வினாடி என்று கணிக்கிறது, உண்மையில் ஆவது 4 வினாடிதான். எச்சங்களை, அதாவது அளந்த நேரத்துக்கும் கோடு சொல்லும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசங்களைப் பார்த்தால் இரண்டு முனைகளும் கோட்டுக்குக் கீழே, நடுப்புள்ளிகள் மேலே. அந்த வளைவு தற்செயலாக வந்ததில்லை. நேரம் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதமாக மாறுவதால் வருவது. 0.99 கெழு ஒருபுறம், அபத்தமான கணிப்பு மறுபுறம் என்று இரண்டையும் ஒரே தாளில் பார்க்கும் மாணவர், "வலுவான" என்பதும் "நேரிய" என்பதும் வெவ்வேறு செய்திகள் என்று பிறகு மறக்கமாட்டார்.

சொந்த அளவீட்டின் குறைகளையும் மறைக்கக் கூடாது. புள்ளிகள் குறைவு, நேரம் அதிகம். அதோடு வகுப்பறையில் எளிதாக அளக்கக்கூடிய பல ஜோடிகளில் கேள்வியே இருப்பதில்லை. உயரமும் விரித்த கைகளின் நீளமும் அப்படிப்பட்ட ஜோடி. விடை எல்லோருக்கும் முன்பே தெரியும், எழுத ஒன்றும் இருக்காது. பல மாணவர்களை ஒரே நேரத்தில் ஈடுபடுத்தலாம் என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆயத்தத் தரவின் பலம் அங்கே தொடங்குகிறது. அண்டார்க்டிக்காவின் பால்மர் ஆய்வு நிலையத்தை ஒட்டிய தீவுகளில் 2007 முதல் 2009 வரை அளக்கப்பட்ட பெங்குவின் தரவு இன்று இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று இனங்கள், 344 பறவைகள். அலகின் நீளத்தையும் மேல்கீழ்த் தடிமனையும் சிதறல் படமாக்கினால் கெழு சுமார் −0.24. நீள அலகு என்றால் மெலிந்த அலகு என்று எழுதத் தோன்றும். இனவாரியாக நிறம் கொடுத்தால் கதை தலைகீழாகிறது. அடெலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ ஆகிய ஒவ்வோர் இனத்துக்குள்ளும் உறவு நேர்மறைதான், கெழு ஏறத்தாழ 0.4 முதல் 0.65 வரை. மூன்றாவது மாறி ஒன்று மறைந்திருந்து உறவின் திசையையே மாற்றிவிட முடியும் என்பதை, அளந்துபார்த்த ஐந்து ஊசல் புள்ளிகளால் ஒருநாளும் காட்ட முடியாது.

ஆனால் ஆயத்தத் தரவில் ஒரு பெரிய ஆபத்து உண்டு: எந்த வரிசைகள் விடுபட்டிருக்கின்றன என்று மாணவருக்குத் தெரியாது. இதன் கனத்தை உணர்த்த நான் சொல்லும் உதாரணம் சேலஞ்சர் விண்கலம். 1986 ஜனவரி 28 அன்று அது ஏவப்படுவதற்கு முந்தைய இரவு, உந்து ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் தாங்குமா என்று பொறியாளர்கள் விவாதித்தார்கள். முந்தைய பயணங்களில் வளையங்களுக்குச் சேதம் நேர்ந்தவற்றை மட்டும் வைத்துப் பார்த்தபோது, வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது நிலைமை மாறுகிறது. 66 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம். 63 டிகிரியிலும் அதற்குக் கீழும் நடந்த நான்கு பயணங்களில் நான்கிலுமே சேதம். விபத்துக்குப் பிந்தைய விசாரணை ஆணையம் இதைத்தான் சுட்டிக்காட்டியது. ஏழு பேர் உயிரிழந்தார்கள். "ஒன்றும் நடக்கவில்லை" என்பதும் ஒரு தரவுப்புள்ளிதான் என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியாது.

எனவே என் தேர்வு இரண்டும் வேண்டும் என்பதே, ஆனால் வரிசை முக்கியம். முதலில் சொந்த அளவீடு, பிறகு ஆயத்தத் தரவு. ஒரு முறை தன் கையால் அளந்து, கெட்டுப்போன அளவீட்டை வைப்பதா நீக்குவதா என்று தவித்த மாணவர்தான், இன்னொருவரின் அட்டவணையைப் பார்த்து "இதை யார் அளந்தார்கள், எதை விட்டார்கள்?" என்று கேட்பார். தலைகீழாக நடத்தினால் அந்தக் கேள்வி எழுவது அரிது.

கருவிகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் சிதறல் படம் வரைதாளில் கையால் இருக்கட்டும், அச்சும் அலகும் மனதில் பதியும். அதன் பிறகு விரிதாளோ, உலாவியில் இலவசமாக இயங்கும் கோடேப் (CODAP) போன்ற மென்பொருளோ எதுவானாலும் சரி. புள்ளிக்கு நிறம் கொடுக்கவும் ஒரு புள்ளியை நீக்கிப் பார்க்கவும் சுலபமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே நிபந்தனை.

வாக்கியச் சட்டகமா, வெற்றுத்தாளா?

எழுத்துக்கு வருவோம். ஒரு பக்கம் நிரப்பு வாக்கியங்கள்: "...க்கும் ...க்கும் இடையே வலுவான / மிதமான / பலவீனமான, நேர்மறை / எதிர்மறை உறவு உள்ளது." எழுதத் தயங்கும் மாணவருக்கு இது உண்மையான உதவி. திசை, வடிவம், வலிமை, விலகிய புள்ளி ஆகிய நான்கையும் விடாமல் தொட வைக்கிறது. மறுபக்கம், "பார்த்ததை எழுது" என்று வெற்றுத்தாளைக் கொடுப்பது. சிலர் அதில் அற்புதமாக எழுதுவார்கள், பலர் உறைந்துபோவார்கள்.

யெல்லோஸ்டோன் பூங்காவின் ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் 272 வெடிப்புகளைக் கொண்ட பிரபலமான தரவை எடுத்துக்கொள்வோம். சட்டகத்தை நிரப்பினால், "வெடிப்பு நீடிக்கும் நேரத்துக்கும் அடுத்த வெடிப்புக்கான காத்திருப்புக்கும் இடையே வலுவான நேர்மறை உறவு உள்ளது" என்று வரும். கெழு சுமார் 0.9 என்பதால் தவறில்லை. சட்டகத்தை விட்டு வெளியே வந்த மாணவர் இப்படி எழுத முடியும்: "வெடிப்பு ஒரு நிமிடம் கூடுதலாக நீடித்தால் அடுத்ததற்குச் சராசரியாக 10.7 நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் புள்ளிகள் ஒரே நீள ஓடையாக இல்லை. 2 நிமிட அளவில் ஒரு கூட்டம், நாலரை நிமிடத்தை ஒட்டி இன்னொரு கூட்டம். நடுவில் 3 நிமிடம் நீடித்த வெடிப்புகள் மிகக் குறைவு." இரண்டாவதைப் படித்தவருக்கு ஊற்றைப் பற்றி ஏதோ தெரியும்.

அலகோடு சரிவைச் சொல்லும் வாக்கியம்தான் இரு மாறிகள் அறிக்கையின் முதுகெலும்பு. எந்தச் சட்டகமானாலும் அது கட்டாயம் இருக்க வேண்டும். முதல் அறிக்கைக்குச் சட்டகம் முழுதாக, இரண்டாவதுக்கு வெறும் கேள்விகளாக, மூன்றாவதுக்கு ஒன்றுமில்லாமல் என்று படிப்படியாக எடுத்துவிடுவது நல்லது. நிரந்தரமாக வைத்திருந்தால் எல்லாத் தரவும் ஒரே அறிக்கையாகிவிடும்.

சட்டகங்கள் செய்யும் மோசமான கெடுதல் கடைசி வரியில் இருக்கிறது: "ஒட்டுறவு காரணத்தைக் காட்டாது." மாணவர்கள் இதை எல்லா அறிக்கைக்கும் முத்திரை போலக் குத்துகிறார்கள். ஊசல் அறிக்கைக்கு அது பொருந்தாது. நீளத்தை மாற்றியது மாணவரே. எடை, வீச்சு, நூல் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு நீளத்தை மட்டும் மாற்றி, நேரம் மாறுவதைப் பார்த்திருக்கிறார். அங்கே "நீளம் கூடுவதால் நேரம் கூடுகிறது" என்று துணிந்து எழுதலாம், எழுத வேண்டும். பெங்குவினின் அலகை யாரும் நீட்டிப் பார்க்கவில்லை, அங்கே அடக்கம் தேவை. ஊற்றின் தரவிலும் யாரும் வெடிப்பை நீட்டவில்லை. கணிக்க உதவுகிறது என்று சொல்லலாம், காரணம் என்று சொல்ல இன்னும் அறிவியல் வேண்டும். இந்த மூன்றுக்கும் மூன்று விதமான முடிவுரை எழுதத் தெரிந்தால்தான் பாடம் சேர்ந்திருக்கிறது என்பேன்.

மதிப்பெண் போடுவதிலும் இரண்டு வழி உண்டு. சரிபார்ப்புப் பட்டியல் விரைவானது, எல்லோருக்கும் ஒரே அளவுகோல், முறையீட்டுக்குப் பதில் சொல்லவும் வசதி. நான் விரும்புவது வேறொன்று. அறிக்கையிலிருந்து படத்தை நீக்கிவிட்டு இன்னொரு மாணவரிடம் கொடுத்து, வார்த்தைகளை மட்டும் படித்துச் சிதறல் படத்தை வரையச் சொல்வது. "வலுவான நேர்மறை உறவு" என்று மட்டும் இருந்தால் அச்சில் எண்கூடப் போட முடியாமல் அவர் நிற்பார். வரைந்த படத்தை எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்து, அசல் படத்தோடு ஒப்பிட்டு ஒரு முறை திருத்தி எழுத வாய்ப்பளித்துவிட்டு, அந்தத் திருத்திய பிரதிக்கு மதிப்பெண் போடலாம். பட்டியலைவிட ஒரு வகுப்பு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அந்த நேரத்தைக் கெழுவைத் திரும்பத் திரும்பக் கையால் கணக்கிடும் பயிற்சியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.