டயல் வைத்த முட்டி பிரேஸ்: மெனிஸ்கஸ் தையலுக்குப் பின் எதைப் பார்த்து வாங்குவது?

டயலைத் திருப்பி முட்டி மடங்கும் கோணத்துக்கு எல்லை வைக்கும் இந்த பிரேஸ் குருத்தெலும்பை வளர்க்காது. முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்புத் தகடுதான் மெனிஸ்கஸ்; அதன் உள்விளிம்புக்கு ரத்த ஓட்டமே குறைவு. தையல் பிடிக்கும்வரை முட்டி அளவுக்கு மீறி மடங்காமல் காப்பதுதான் பிரேஸின் வேலை. வழக்கமாக 4 முதல் 6 வாரம், 90 டிகிரிக்குள். அறுவையில் எலும்பிலும் துளையிட்டிருந்தால் இந்தக் கணக்கே வேறு. கோணத்தை அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

டயலின் மையம் முட்டிச்சில்லின் நடுமட்டத்துக்கு நேராக, பக்கவாட்டில் நிற்கட்டும். தொடை கீழே சிறுப்பதால் பிரேஸ் நழுவும். இரண்டு விரற்கடை இறங்கினாலே டயல் காட்டும் கோணம் பொய். முட்டிக்குச் சற்றுக் கீழுள்ள பட்டையை முதலில் இறுக்குங்கள், பிறகு மேலே. நீளம் கூட்டிக் குறைக்கும் கம்பி உள்ளதையே வாங்குங்கள். வெறும் துணி உறை இதற்கு ஈடாகாது. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் பட்டையைத் தளர்த்திக் காத்திருக்காதீர்கள். ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.