ஹாரிஹவுசன் வழி வந்த எலும்புக்கூடு: பால் சாக்கெட் கிட் நெல்லையில் தேறுமா?

ஆன்லைனில் நாலாயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும் 20 செ.மீ. ஆர்மேச்சர் கிட்டை, அதாவது பொம்மைக்குள் வைக்கும் குண்டு மூட்டு (பால் சாக்கெட்) எலும்புக்கூட்டை, ஸ்டாப் மோஷன் (துளித்துளியாக நகர்த்திப் படமெடுக்கும்) பொம்மைக்கு வாங்கலாமா? மூட்டுகளுக்காக வாங்கலாம். பாதத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

ஹாலிவுட்டின் ஸ்டாப் மோஷன் மேதை ரே ஹாரிஹவுசன் விட்டுப்போனதில் பாதி இந்த மூட்டில்தான் இருக்கிறது. அவர் வடிவமைத்த பொம்மை எலும்புகளை லேத்தில் கடைந்து கொடுத்தவர் அவருடைய அப்பா. 1963-இல் வந்த ‘ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்’ படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று பேரோடு வாள் வீசும். சில நிமிடச் சண்டைக்கு நாலு மாதத்துக்கு மேல் பிடித்தது. எடுத்ததை நடுவில் ஓட்டிப் பார்க்க அன்று வழியில்லை. ஒரு கணுக்கால் நழுவினால் அந்த ஷாட் போச்சு. ஆகவே, கிட்டின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், இறுக்கம் நிற்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கிட்டில் நிற்கிறது. இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே ஸ்டீல் குண்டுகள், இறுக்க ஓர் எம்2 (2 மி.மீ. பருமன்) ஸ்க்ரூ, அதைத் திருக 1.5 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி). ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே நிறுத்தினால் மெல்லச் சரியும். குண்டுகளில் ஃபேக்டரி எண்ணெய் ஒட்டியிருப்பதே காரணம். எல்லாவற்றையும் கழற்றித் தின்னரில் கழுவி, காயவிட்டு மாட்டுங்கள். பிறகு கீழிருந்து மேலாக இறுக்க வேண்டும். முழு எடையும் விழும் கணுக்கால்தான் ஆக இறுக்கம். அடுத்து முழங்கால், இடுப்பு. தோளும் முழங்கையும் அதைவிடத் தளர்வு. கழுத்து எல்லாவற்றிலும் லேசு. பாதங்களை மட்டும் பிடித்துப் பொம்மையைப் படுக்கைவாட்டில் நீட்டுங்கள். ஐந்து நிமிடம் தொங்காமல் இருந்தால் சரி. கையை நகர்த்தும்போது உடம்பும் கூடவே திரும்பினால், தோள் இடுப்பைவிட இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

பாதம்தான் சொதப்பல். அலுமினியத்தில் 3 மி.மீ. ஆழத்துக்கு எம்3 மரை (போல்ட் ஏறும் திருகுப் பள்ளம்) போட்டிருக்கிறார்கள். பொம்மை விழாமல் நிற்க, 12 மி.மீ. பிளைவுட் மேடைக்குக் கீழிருந்து அது எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் போல்ட்டை முடுக்கிக் கழற்றினால் மரை சீக்கிரமே உருவிக்கொள்ளும். 3.3 மி.மீ. டிரில் ஓட்டி எம்4 மரை வெட்டுவது தற்காலிக வைத்தியம். பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் 5 மி.மீ. இரும்புத் தகட்டில் புதுப் பாதமே வெட்டிக்கொள்வது மேல்.

அடுத்தது தோல். கன்னியாகுமரி மாவட்ட ரப்பர்ப் பால் நமக்குப் பக்கத்திலேயே கிடைப்பதால் பலரும் பஞ்சைப் பாலில் தோய்த்து எலும்பின்மேல் நேரடியாகச் சுற்றிவிடுகிறார்கள். செம்பு இயற்கை ரப்பரின் எதிரி. பித்தளையில் பெரும்பங்கு செம்புதான். தகட்டைத் தொடும் இடத்தில் தோல் நாளடைவில் பிசுபிசுத்துக் கெடும். முதலில் தகடுகளை டெஃப்லான் டேப்பால் மூடிவிட்டு அதன்மேல் ஸ்பாஞ்ச், பிறகு ரப்பர்ப் பால். ஸ்க்ரூ இருக்கும் பக்கத்தில் தோலில் ஒரு கீறல் விடுங்கள், இல்லாவிட்டால் ஆலன் கீ போகாது.

கிட்டோடு வரும் தலை வெறும் கட்டை. அம்பாசமுத்திரத்தில் சொப்பு கடைபவர்களிடம் ஒரே அளவில் பத்து மரத்தலை சொல்லி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு முகபாவம் வரைந்துகொண்டால் மாற்றி மாற்றி வைக்கலாம். ஜார்ஜ் பால் என்பவர் எடுத்த ‘பப்பட்டூன்ஸ்’ பொம்மைக் குறும்படங்களும் இந்த மாற்றுப் பொம்மை முறைதான்; ஹாரிஹவுசன் ஆரம்பத்தில் வேலை பார்த்த இடம் அது.

சித்திரை வெயிலில் எண்ணெய்க் களிமண் முகம் இளகும், ஃபேன் போட்டால் உடுப்பு துடிக்கும். இரவில் எடுங்கள். ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் காற்றில் ஜன்னல் அதிர்ந்தால் மேடையும் அதிரும். மேஜைக் காலைச் சுவரோடு ஒட்டவிடாதீர்கள். சாரல் ஈரத்தில் ஸ்டீல் துரு பிடிக்கும், தையல் மெஷின் எண்ணெயைத் தண்டில் மட்டும் தடவுங்கள், குண்டில் வேண்டாம்.

முதல் படமே அரை நிமிடம்தான் என்றால் இந்தச் செலவு தேவையில்லை. நொடிக்கு 12 நிலை வைத்தாலும் 360 அசைவு. இரட்டையாக முறுக்கிய அலுமினியக் கம்பி அதைத் தாங்கும். ஒரே இடத்தில் மடங்கி மடங்கிக் கம்பி ஒடிவது அதற்குப் பிறகுதான். கிட் வாங்குபவர்கள் உதிரி எம்2 ஸ்க்ரூவும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் அந்த அளவு சிக்காது, லேப்டாப் சர்வீஸ் கடைகளில் விசாரிக்க வேண்டியிருக்கும்.