பிஓடி: கரைசல் போத்தலா, அழுத்தப் போத்தலா?

பினாங்கு பிறையில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பிஓடி (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) பார்க்க இரண்டு வழி உண்டு. இரண்டிலும் உழைப்பது நுண்ணுயிர்கள்தான். கழிவுநீரில் மக்கக்கூடியதைத் தின்று அவை எவ்வளவு ஆக்சிஜனைச் சுவாசிக்கின்றன என்பதே கணக்கு. அதை எப்படி அளப்பது என்பதில்தான் சண்டை.

பழைய வழி 300 மி.லி. கரைசல் போத்தல்: கழிவைச் சுத்தமான நீரில் கரைத்து, போத்தலை நிரப்பி மூடிவிடுவோம்; நீரில் இருக்கும் ஆக்சிஜன்தான் உயிர்களுக்குக் கையிருப்பு. 20 டிகிரியில் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 9 மி.கி.தான். செம்பனை ஆலையின் சுத்திகரிக்காத கழிவோ லிட்டருக்கு 25,000 மி.கி. கேட்கும். அப்படியானால் ஒரு போத்தலுக்கு ஏறக்குறைய 0.05 மி.லி., அதாவது ஒரே ஒரு துளி. அந்தத் துளியில் எண்ணெய்த் திட்டு ஏறிவிட்டால் கதை முடிந்தது. அதனால் முதலிலேயே கரைத்து, பல விகிதங்களில் போத்தல் வைக்கிறோம். கடைசியில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி.யாவது இறங்கியிருக்க வேண்டும், 1 மி.கி.யாவது மிஞ்சியிருக்க வேண்டும். எதுவும் தேறாவிட்டால் அத்தனை நாளும் வீண், சாம்பிளும் பழசாகியிருக்கும். (போத்தல் காத்திருப்பது மற்ற கழிவுக்கு 20 டிகிரியில் 5 நாள், செம்பனைக்கு மலேசிய விதி 30 டிகிரியில் 3 நாள். நம் ஊர் வெயிலுக்கு அதுதான் பொருத்தம் என்பேன்.)

அழுத்தப் போத்தலில் மேலே இருக்கும் காற்றே ஆக்சிஜன் கிடங்கு. உயிர்கள் விடும் கார்பன் டை ஆக்சைடைக் கழுத்திலுள்ள காரக் குளிகை உறிஞ்சிவிடும். குறைகிற அழுத்தம்தான் செலவான ஆக்சிஜன். பெரும்பாலும் கரைக்கவே வேண்டாம். எனக்குப் பிடித்தது, செலவான ஆக்சிஜனை நாளுக்கு நாள் காட்டும் அந்த வளைகோடு. முதல் இரண்டு நாள் படுத்துக் கிடந்து பிறகு ஏறினால், உயிர்கள் அந்தக் கழிவுக்குப் பழகத் திணறியிருக்கின்றன என்று பொருள். கரைசல் போத்தலில் இது தெரியாது. கரைக்கும்போது நஞ்சும் சேர்ந்தே நீர்த்துவிடுகிறதே!

ஆனால் மூடியில் கசிவு இருந்தால் அழுத்தப் போத்தல் கூசாமல் குறைந்த எண்ணைக் காட்டும். மலேசியாவின் 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதியின் ஏ தர வரம்பான லிட்டருக்கு 20 மி.கி.யை ஒட்டிய தெளிந்த நீருக்கு அழுத்தம் இறங்குவதே கொஞ்சம்தான். இன்குபேட்டர் சூடு சற்று ஆடினாலும் எண் ஆடிவிடும். அங்கே நான் கரைசல் போத்தலைத்தான் நம்புவேன். சுற்றுச்சூழல் துறைக்குப் போகும் அறிக்கைக்கும் அதுவே. சுத்திகரிப்புத் தொட்டி ஏன் மக்கர் செய்கிறது என்று தௌஃபூ ஆலைக்காரர் கேட்டால், அழுத்தப் போத்தல்.

அப்புறம், திங்கட்கிழமை வைத்த கரைசல் போத்தலைப் படிக்கச் சனிக்கிழமை ஆள் வந்தாக வேண்டும். அழுத்தப் போத்தல் தானே குறித்துவைத்துக்கொள்ளும்.