இரட்டை நட்சத்திரக் கொடியின் காலம்: ஓர் அஞ்சல்தலைத் தொகுப்பு பற்றி

எகிப்தும் சிரியாவும் ஒரே நாடாக இருந்த மூன்றரை ஆண்டுகளின் அஞ்சல்தலைகள் என்று விளம்பரம் செய்து, இணையவழி வியாபாரி ஒருவர் விற்கும் தொகுப்பைச் சென்ற மாதம் வாங்கினேன். கொடியில் இரட்டை நட்சத்திரம் தாங்கிய ஐக்கிய அரபுக் குடியரசு என்ற அந்த நாடு 1958 பிப்ரவரியில் பிறந்து, 1961 செப்டம்பர் 28 அன்று டமாஸ்கஸில் நடந்த ராணுவப் புரட்சியோடு உடைந்தது. தொகுப்பில் நாற்பது அஞ்சல்தலைகளும் அவற்றின் பின்னணியைச் சொல்லும் ஒரு விளக்கத் தாளும் இருந்தன. பொதி நன்றாகவே கட்டப்பட்டிருந்தது. ஒன்றிரண்டில் ஓரத் துளைகள் கிழிந்திருந்ததைத் தவிர நிலைமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தவை, இணைப்பை அறிவிக்க 1958இல் வெளியான வரைபட அஞ்சல்தலைகள். நிலத்தில் எங்குமே எல்லை தொடாத இரு நாடுகளை, இடையில் இஸ்ரேலும் கடலும் கிடப்பதைப் பொருட்படுத்தாமல், அச்சகத்தார் படத்தில் இணைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியை விலை அச்சிட்ட மூலைக்கு நகர்த்தினால் வேறு கதை தெரிகிறது. எகிப்தில் விற்றதில் அந்நாட்டுச் சில்லறை நாணயமான மில்லீமைக் குறிக்கும் 'எம்' என்ற எழுத்தும், சிரியாவில் விற்றதில் அங்குள்ள சில்லறை நாணயமான பியாஸ்டரைக் குறிக்கும் 'பி' என்ற எழுத்தும் இருக்கின்றன. எகிப்து 'தெற்கு மாகாணம்', சிரியா 'வடக்கு மாகாணம்' என்று பெயர் மாறிய பிறகும், எகிப்திய பவுண்டும் சிரிய பவுண்டும் கடைசிவரை தனித்தனி நாணயங்களாகவே இருந்தன. ஆகவே ஒரே குடியரசின் பெயரில் இரு அஞ்சல் துறைகளும் தத்தமது அஞ்சல்தலைகளை வெளியிட்டன. 1958இல் வந்த சில எகிப்திய அஞ்சல்தலைகளில் 'யு.ஏ.ஆர்.' என்ற குடியரசின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தோடு 'எகிப்து' என்ற பழைய பெயரும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு மூலைக்காகவே தொகுப்புக்குக் கொடுத்த பணம் தகும் என்பேன்.

விளக்கத் தாளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. வங்கிகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் பெரிய தொழிற்சாலைகளையும் அரசுடைமையாக்கிய 1961 ஜூலை ஆணைகளால் சிரிய வணிகர்கள் வெகுண்டார்கள், நாடு பிரிந்தது என்று இரண்டே வரியில் அது முடித்துவிடுகிறது. அந்த ஆணைகள் கடைசி அடி என்பது சரி. ஆனால் விரிசல் இணைப்பின் நிபந்தனைகளிலேயே இருந்தது. 1958 ஜனவரியில் அஃபீஃப் அல்-பிஸ்ரி தலைமையில் சிரிய ராணுவ அதிகாரிகள் கெய்ரோவுக்குப் பறந்து இணைப்பைக் கேட்டபோது, எகிப்திய அதிபர் நாசர் முதலில் தயங்கினார். பிறகு, கூட்டாட்சி கூடாது, முழு இணைப்பு வேண்டும். கட்சிகள் கலைய வேண்டும். ராணுவம் அரசியலைவிட்டு விலக வேண்டும் என்று நிபந்தனை போட்டார். இணைப்புக்கு முன்னின்று குரல் கொடுத்த, அரபு ஒற்றுமையைக் கொள்கையாகக் கொண்ட சிரியாவின் பாத் கட்சியே இதற்காகத் தன்னைக் கலைத்துக்கொண்டது. 1959 டிசம்பரில் அதன் அமைச்சர்கள் பதவி விலகியபோது, டமாஸ்கஸில் நாசருக்குத் துணைநிற்கக் கட்சி என்று எதுவும் மிஞ்சவில்லை. இருந்ததெல்லாம் கெய்ரோவிலிருந்து வந்த ஃபீல்டு மார்ஷல் அப்துல் ஹக்கீம் ஆமிரும், உளவுத் துறையை இரும்புப் பிடியில் வைத்திருந்த அப்துல் ஹமீத் சர்ராஜும்தான். அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. புரட்சிக்குச் சில நாட்கள் முன்பு சர்ராஜ் விலகினார். புரட்சியை முன்னின்று நடத்திய லெப்டினன்ட் கர்னல் அப்துல் கரீம் அல்-நஹ்லாவியோ ஆமிரின் அலுவலகத்திலேயே பணியாற்றியவர். இவ்வளவும் நடந்த ஆண்டுகளில் சிரிய வயல்களைத் தொடர் வறட்சி வாட்டியதைத் தாள் குறிப்பிடவே இல்லை.

என் பெரிய புகார் வேறு. சிரியா பிரிந்து, 1961 அக்டோபரில் ஐ.நா.வில் தன் பழைய இடத்துக்குத் திரும்பிய பிறகும், எகிப்து மட்டும் ஐக்கிய அரபுக் குடியரசு என்ற பெயரை 1971 வரை விடவில்லை. எனவே பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர் எளிதில் ஏமாறலாம். எனக்கு வந்த நாற்பதில் பதினொன்று பிரிவினைக்குப் பின் வந்த எகிப்திய அஞ்சல்தலைகள். அவற்றில் ஒன்றின் தேதி முத்திரையில் 1965 என்று பளிச்சென்று தெரிகிறது. வியாபாரிக்கு எழுதியபோது, 'குடியரசின் பெயர் அச்சாகியிருக்கிறதே' என்று பதில் வந்தது. பெயர் இருப்பது உண்மைதான். விளம்பரத்தில் சொன்ன மூன்றரை ஆண்டுக் கணக்கு எங்கே போயிற்று என்ற கேள்விக்கு இரண்டாவது மடலுக்குப் பிறகே விடை கிடைத்தது. பதினொன்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டு அவற்றுக்கான பணத்தைக் கொடுத்துவிட்டார், அதில் குறையில்லை.

எஞ்சிய இருபத்தொன்பதில் சிரியாவினுடையவை எட்டுதான். இணைப்புக் காலத்தைச் சேகரிப்பவர்களுக்கு இந்த விகிதம் போதாது. சிரியா பிரிந்ததும் தன் பெயரிலேயே அச்சிடத் தொடங்கிவிட்டதால், குடியரசின் பெயரும் 'பி' என்ற எழுத்தும் சேர்ந்திருக்கும் அஞ்சல்தலை அந்த மூன்றரை ஆண்டுகளுக்கே உரியது. வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் அத்தகையவை எத்தனை என்று எழுதிக் கேட்டு, அவற்றின் மூலை தெரியும்படி படமும் வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.