இளஞ்சிவப்புக் கரைசலும் சிலிக்கா சவ்வும்: ஏழு ஆண்டு அனுபவம்

ஆர்.என்.ஏ பிரித்தெடுப்பது ஏழு ஆண்டுகளாக என் வாராந்தர வேலை. முதல் நான்கு ஆண்டுகள் ஃபீனாலும் குவானிடின் தயோசயனேட்டும் கலந்த அந்த இளஞ்சிவப்புக் கரைசலோடு கழிந்தன. பிறகு ஆர்.என்.ஏவைப் பிடித்துவைக்கும் சிலிக்கா சவ்வுள்ள ஆயத்த கிட்டுகளுக்கு மாறினேன். இப்போது இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன்.

கரைசல் முறையை 1987இல் சோம்சின்ஸ்கியும் சாக்கியும் வெளியிட்டார்கள். ஃபீனால் அமிலத்தன்மையோடு இருப்பதுதான் அதன் சூட்சுமம்: குளோரோஃபார்ம் சேர்த்துச் சுழற்றினால் டி.என்.ஏ நடுவிலும் கீழேயும் தங்கிவிடும், ஆர்.என்.ஏ மேலே தெளிந்த நீரில் நிற்கும். அந்த மேலடுக்கைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட வேண்டும் என்ற பேராசை எனக்கு இரண்டு ஆண்டுகள் இருந்தது. விளைவு, ஆர்.என்.ஏவை டி.என்.ஏவாக நகலெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைச் சேர்க்காத, அதனால் எதுவும் பெருகக் கூடாத கட்டுப்பாட்டுக் குழாயிலும் பி.சி.ஆரில் (டி.என்.ஏவைப் பெருக்கும் சோதனை) டி.என்.ஏ பெருகியது. நடு வெள்ளைப் படலத்திலிருந்த டி.என்.ஏவை நானே அள்ளி வந்திருக்கிறேன். இப்போது மேலடுக்கில் கணிசமானதை விட்டுவிடுகிறேன், வருத்தமில்லை.

ஐசோபுரோபனாலில் படியும் வீழ்படிவு பல நேரங்களில் கண்ணுக்கே தெரியாது. குழாயின் வெளிப்பக்கச் சுவரில் முன்பே பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முழுதும் உலர்த்தினால் கரைய மறுக்கும். தூய்மையை ஒளி உறிஞ்சலால் அளந்தால், 260, 280 நானோமீட்டர் அலைநீளங்களின் விகிதம் (260/280) அழகாக 2.0 காட்டும், ஆனால் 260/230 ஒன்றுக்குக் கீழே கிடக்கும். அது எஞ்சிய குவானிடின் உப்பு. 75 சதவீத எத்தனாலில் இன்னொரு முறை கழுவினால் பெரும்பாலும் சரியாகிறது.

கிட் முறை அரை மணி நேரத்தில் முடியும், குளோரோஃபார்ம் நாற்றம் இல்லை. குறைகளும் உண்டு. வழக்கமான நெறிமுறையில் 200 நியூக்ளியோடைடுக்கும் (ஆர்.என்.ஏ சங்கிலியின் கண்ணிகள்) குறைந்த துண்டுகள் சவ்வில் நிற்பதில்லை, மைக்ரோ ஆர்.என்.ஏ என்னும் மிகச் சிறிய ஆர்.என்.ஏவைத் தேடுபவர்கள் அதற்கென உள்ள கிட்டை எடுக்க வேண்டும். மண்ணீரல் போன்ற செல் நெருக்கமான திசுவைத் தாராளமாகப் போட்டால் சவ்வு அடைத்துக்கொள்ளும். கழுவும் கரைசல் புட்டியில் எத்தனால் சேர்க்க மறந்து ஒரு நாள் முழு வேலையையும் வடிகுழாயில் விட்டிருக்கிறேன். மூடியில் தேதியோடு குறி இல்லாத புட்டியை இப்போது தொடுவதில்லை.

ஆனால் இந்த ஒப்பீடெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்தான். என் மிக மோசமான மாதிரிகள் கெட்டது எந்தக் கிட்டிலும் அல்ல, அதற்கு முன்பே. ஆர்.என்.ஏவை வெட்டிச் சிதைக்கும் ரைபோநியூக்ளியேஸ் ஏ நொதியின் உடலில் அதன் வடிவத்தைக் காக்கும் நான்கு டைசல்ஃபைடு (கந்தக-கந்தக) பிணைப்புகள் இருக்கின்றன. கொதிக்கவைத்து ஆறவிட்டால் மறுபடி சுருண்டு வேலை பார்க்கும். கணையத்தில் அது கொட்டிக்கிடக்கிறது. மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் இருந்த கணையத் துண்டை ஒருமுறை பனிக்கட்டிமேல் வைத்து, நிதானமாக வெட்டி எடைபோட்டேன். உறைந்தபோதே பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்திருந்தன. இளகியதும் நொதி அவிழ்த்து விட்டதுபோல் பாய்ந்துவிட்டது. ஆர்.என்.ஏ எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று காட்டும் ஒருமைப்பாட்டு எண் பத்துக்கு மூன்றைக்கூட எட்டவில்லை. கையுறை மாற்றியதும் மேசையைத் துடைத்ததும் எதற்கு உதவின?

அதற்குப் பிறகு உறைந்த திசுவை இளகவே விடுவதில்லை. திரவ நைட்ரஜனில் பொடித்து, பொடியை நேராக ஃபீனால் கரைசலில் கொட்டுகிறேன். நூறு மில்லிகிராமுக்கு ஒரு மில்லிலிட்டருக்குக் குறையாமல். மேலடுக்கை எத்தனாலோடு கலந்து சிலிக்கா சவ்வில் ஏற்றி, அங்கேயே டி.என்.ஏவைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் நொதியைப் போட்டுக் கழுவுகிறேன். செலவு இரட்டிப்பு, தரம் நிலையானது. குவானிடின் கழிவில் மட்டும் பிளீச்சிங் கரைசலை ஊற்றிவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

குறிப்பேட்டில் இப்போது எந்தக் கிட் என்பதற்கு முன்னால் இரண்டு நேரங்களை எழுதுகிறேன்: திசுவை வெட்டியது, உறையவைத்தது. கடைசி மாதிரியில் இடைவெளி நாற்பது நொடி.