ஒரே குடுவையில் பல்லேடியமா, செம்பா?

எங்கள் கொங்குப் பக்கம் அரிசியும் பருப்பும் சாதம் வைக்காத வீடு இருக்காது. தாளித்த சட்டியிலேயே தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் அரிசியையும் துவரம்பருப்பையும் போட்டு மூடினால் சரி. வேதியியலில் ‘ஒன் பாட்’ என்பதும் ஏறக்குறைய இதுதான். முதல் வினையில் கிடைத்ததைப் பிரிக்காமல், சிலிக்கா நிரப்பிய குழாயில் (column) விட்டுச் சுத்தப்படுத்தாமல், அதே குடுவையில் அடுத்த வினையையும் நடத்திவிடுவது. கரைப்பான் மிச்சம், சிலிக்கா மிச்சம், சில நேரம் ஒரு வாரமே மிச்சம். ஆனால் முதல் வினையின் காரமும் உப்பும் இரண்டாவதிலும் கூடவே கிடக்கும். அந்தக் கும்பலோடு எந்த உலோகம் அனுசரித்துப் போகும் என்று பார்த்துத்தான் வினையூக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பல்லேடியத்தின் பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் 2010இல் நோபல் வாங்கித் தந்த உலோகம். எனக்குப் பிடித்தது 1975இல் வந்த சோனோகாஷிரா வினை. நைட்ரஜனில் டோசில் என்ற தொகுதியை ஏற்றிய 2-அயோடோஅனிலினையும் ஓர் அல்கைனையும் (கார்பன்-கார்பன் முப்பிணைப்புள்ள சேர்மம்), பல்லேடியத்தோடு துளி செம்பு அயோடைடும் சேர்த்துச் சூடாக்கினால், முதலில் கார்பனும் கார்பனும் ஒட்டும். பிறகு நைட்ரஜன் வளைந்து வந்து வளையத்தை மூடும். இண்டோல் என்ற இரட்டை வளைய மூலக்கூறு தயார். இவ்வளவு நேர்த்தி வேறு உலோகத்தில் சுலபமாகக் கிடைக்காது.

ஆனால் கோபக்கார மாப்பிள்ளை மாதிரி, உபசரிப்பில் குறை வைக்கக் கூடாது. டெட்ராகிஸ் என்ற பல்லேடிய வினையூக்கிப் புட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடி, எலுமிச்சை மஞ்சள் பழுப்பானால் காசு போச்சு. ஓர் ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்த ராத்திரி, காற்றைத் தடுக்க மாட்டிய நைட்ரஜன் பலூனை நம்பி வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் பலூன் சுருங்கிக் கிடந்தது. குடுவைச் சுவரெல்லாம் கரி அப்பினது போலப் பல்லேடியம் கறுப்பு. கலவையில் இருப்பதைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டின் உச்சியில் ஒரே பெரிய புள்ளி: அல்கைன் தன்னோடு தானே சேர்ந்துவிட்டது. காற்றும் செம்பும் இருந்தால் இது நடக்கும் என்று வேதியியலாளர் கிளாசர் 1869லேயே காட்டிவிட்டார்.

அதே செம்பை மட்டும் தனியாக வைத்துப் பாருங்கள். பென்சைல் புரோமைடு, சோடியம் அசைடு, ஃபீனைல் அசிட்டிலீன் மூன்றையும் தண்ணீரும் டெர்ட்-பியூட்டனாலும் கலந்ததில் போட்டு, மயில்துத்தமும் சோடியம் அஸ்கார்பேட்டும் சேர்த்துக் கலக்கினால் போதும். நைட்ரஜன் சிலிண்டர் வேண்டியதில்லை. டிரையசோல் என்ற நைட்ரஜன் வளையச் சேர்மம் வெள்ளையாகத் தானே படியும், வடிகட்ட வேண்டியதுதான். (பென்சைல் புரோமைடு திறந்தால் சின்ன வெங்காயம் ஒரு படி உரித்த கண்ணீர் வரும்.) மூலக்கூறுகளைக் கொக்கி போல மாட்டிவிடும், 2022 நோபல் பெற்ற கிளிக் வேதியியலின் முக்கிய வினை இது. செம்புத் துருவலைக்கூட இதற்குப் பயன்படுத்தலாம். நான் மோட்டார் ரீவைண்டிங் கடையில் கம்பித் துண்டு வாங்கி, எனாமல் பூச்சைச் சுரண்டிவிட்டுப் போட்டிருக்கிறேன். வினை நடந்தது, சற்று மெதுவாக. ஆல்டிஹைடு, அமீன், அல்கைன் மூன்றையும் ஒன்றாகப் போடும் வினைக்கும் செம்பு போதும். கழிவாக வருவது தண்ணீர் மட்டுமே.

செம்பில் கவனிக்க வேண்டியது அசைடு. அமிலம் பட்டால் நச்சு வாயு. டைகுளோரோமீத்தேன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. செம்பு அசைடு காய்ந்தால் வெடிக்கும். ஆளில்லாத நேரத்தில் செய்யும் வேலை அல்ல.

நிக்கலையும் கேட்பார்கள். விலை குறைவு, அசையாத குளோரைடுகளையும் அசைக்கும். ஆனால் அதன் நல்ல வடிவங்களுக்குக் காற்றுப் புகாத கிளவ் பாக்ஸ் பெட்டி வேண்டும். கவரிங் தோட்டில் காது அரிப்பவர்களுக்கு அதன் குணம் தெரியும்.

மருந்துக் கம்பெனியில் சேர்ந்தால் கணக்கு வேறு. வாய்வழி மருந்தில் ஒரு நாளைக்குப் பல்லேடியம் 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது மருந்துத் தரத்துக்கான சர்வதேச அமைப்பான ஐ.சி.எச்.சின் வழிகாட்டி, செம்புக்குச் சுமார் முப்பது மடங்கு அனுமதி. ஆகவே எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு ஆறு மாதமும் ஒரு சிலிண்டரும் மட்டும் கையில் இருப்பவருக்கு நான் செம்பையே சொல்வேன். இண்டோல்தான் வேண்டும் என்றால் பல்லேடியம். ராத்திரி பலூனைப் பார்க்க ஆள் வையுங்கள்.

அப்புறம், செம்பு மலிவு என்பதற்காக வடிநீரைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். மீன்களுக்கு அது விஷம். நொய்யலுக்குச் சாயப்பட்டறைகள் கொடுத்ததே போதும். எங்கள் ஆய்வகத்தில் அசைடு மிச்சத்தை புகை உறிஞ்சும் ஹூடுக்குள் அழித்த பிறகே சேமிப்போம். இப்போது மேசைக்கடியில் நீல நீர் முக்கால் கேன் நிற்கிறது.